சாம்ப்ளரில் புகுந்த இரைச்சல்

கோத்தகிரியில் ஒரு விடியலில் சீகாரப் பூங்குருவியின் சீட்டியைக் கையடக்கச் சாம்ப்ளரில் (ஒலிகளைப் பதிந்து இசையாகக் கோக்கும் கருவி) பதிவு செய்தேன். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டால் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பதிவே கெட்டுவிட்டதோ என்று மனசு பதறியது. அந்தக் குருவி மறுபடி எப்போது பாடுமோ! ஹெட்ஃபோனை மட்டும் மாட்டி, பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அப்புறம்தான் புரிந்தது. சாம்ப்ளருக்கு லேப்டாப்பின் யுஎஸ்பி வழியாகக் கரண்ட். லேப்டாப்பும் ஸ்பீக்கரும் வேறு வேறு பிளக்கில். இரண்டின் எர்த்தும் ஆடியோ ஒயர் வழியாக வளையமாகி, கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒலிக்குள் வந்துவிட்டது. இந்த வளையத்தை உடைக்க பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சிலர் சொல்வார்கள். செய்யவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

லேப்டாப்பை விட்டுச் சாம்ப்ளரைப் பவர் பேங்கில் மாட்டினேன். இரைச்சல் போயே போச்சு. சரி, இனி அந்தச் சீட்டிக்குத் தகரக் கூரை மழையைத் தாளமாக்க வேண்டும்.