ஃபெக்டரி பார்க்கப் போனால் ஏற்றத்துக்கு பட்டா லொறி, இறக்கத்துக்கு சைக்கிள்

இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கம் தேயிலை ஃபெக்டரி பார்க்க சைக்கிளில் போகிறவர்கள், டவுனிலேயே டிமோ பட்டா என்கிற ஒரு சின்ன லொறியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சி முனை வரை போய்விடுங்கள். அங்கிருந்து தம்பேதன்ன ஃபெக்டரி வரைக்கும் சுமார் 7 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுக்க இறக்கம்தான். நாலு பேர் சேர்ந்தால் ஒரு வழிக் கூலி பெரிதாகத் தெரியாது, மூச்சு வாங்கவும் வேண்டாம்.

காலையில் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பறித்த கொழுந்து 12 முதல் 18 மணி நேரம் வாட வேண்டும் என்பதால், முந்தின நாள் கொழுந்தை அரைப்பதும் புளிக்க விடுவதும் காயவைப்பதும் பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடும். மத்தியானம் போனால் சலித்துத் தரம் பிரிப்பதைத்தான் பார்ப்பீர்கள், அது கொஞ்சம் தூசிதான். மேலே மூடுபனி இறங்குவதற்குள் நாலு போட்டோவும் எடுத்துவிடலாம்.

திங்கட்கிழமைக்கு இது சரிவராது. ஞாயிறு கொழுந்து பறிக்காத தோட்டங்களில் மறுநாள் அரைக்க ஒன்றும் இருக்காது. மழை நாளிலும் வேண்டாம், நனைந்த ரிம்மில் ரப்பர் பிரேக் பிடிக்காது. காய்ந்த ரோட்டிலும் பிரேக்கை அழுத்தியபடியே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ரிம் சூடேறிவிடும்.