புதிதாக நட்ட துஜா வேலி பழுப்பாகிறதா? மருந்து வாங்கும் முன் இதைப் பாருங்கள்

காம்பவுண்டு ஓரம் வரிசையாக வைத்த துஜா கொஞ்ச நாளிலேயே மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் உடனே உரக்கடைக்கு ஓடாதீர்கள், எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று முதலில் பாருங்கள். உள்பக்கம் தண்டை ஒட்டிய பழைய இலை மட்டும் காய்ந்தால் பயமில்லை, அது இயல்பாக உதிர்வதுதான்.

நுனியிலிருந்து காய்ந்து வந்தால் பெரும்பாலும் தண்ணீர்ப் பிரச்சினை. இதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும், ஆனால் நர்சரி கவரில் இருந்த மண்கட்டி உள்ளே வறண்டு கிடக்கும், ஏனென்றால் வேர் இன்னும் வெளிமண்ணுக்குள் இறங்கியிருக்காது. அதனால் தண்டை ஒட்டி நாலு விரல் ஆழம் கிளறித் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் தண்டடியிலேயே மெதுவாக, நிறைய ஊற்றுங்கள். சேறாக இருந்து அழுகல் வாடையும் வந்தால், செடியும் முழுக்க மஞ்சளடித்தால், வேர் மூச்சுமுட்டுகிறது. தண்ணீரை நிறுத்தி வடிகால் வெட்டுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, வயலை நிரப்பி வீடு கட்டிய இடங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் செடியின் மேற்குப் பக்கம் மட்டும் காய்ந்தால் ஆடிக்காற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், பச்சை வலை கட்டுங்கள்.

அப்புறம், கொப்பை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பொறுங்கள். காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்தக் கொப்பு இனித் தளிர்க்காது, வெட்டிவிடலாம்.