பில்ட்டவுன் மனிதன்: இந்தக் கதையைச் சொல்றப்போ பண்ணக்கூடாத தப்புகள்

பில்ட்டவுன் மனிதன்ங்கறது, குரங்குக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருந்த ஆதிமனுஷனோட எலும்புன்னு சொல்லி இங்கிலாந்துல காட்டின போலி ஃபாசில். போலி ஃபாசில்னாலே "காசுக்காகப் பண்ணிருப்பாங்க"ன்னு உடனே சொல்லிடறோம், அங்கயே தப்பு ஆரம்பிச்சிடுது. 1869ல அமெரிக்காவுல கார்டிஃப் ராட்சசன்னு ஜிப்சம் கல்லுல ஒரு ஆளைச் செதுக்கி, புதைச்சு, தோண்டி எடுத்து டிக்கெட் போட்டுக் காட்டினாங்க, அதுல காசு பாத்தாங்க. பில்ட்டவுன் வேற. இங்கிலாந்துல சசெக்ஸ் பக்கம் வக்கீலா இருந்த சார்லஸ் டாசனுக்கு வேணும்னு இருந்தது பேரு, ராயல் சொசைட்டிங்கற பெரிய விஞ்ஞானிங்க சங்கத்துல ஒரு இடம். 1912 டிசம்பர்ல அவரும் பிரிட்டிஷ் மியூசியத்து ஸ்மித் உட்வர்டும் சேர்ந்து லண்டன்ல இதை அறிவிச்சாங்க, அந்த உயிரினத்துக்கு வச்ச அறிவியல் பேர்லயும் டாசன் பேரு ஏறிடுச்சு.

அதே மாதிரி, ரொம்ப நுணுக்கமான வேலையா இருந்திருக்கும்னும் நினைக்காதீங்க. மனுஷ மண்டை ஓட்டுத் துண்டும் ஒராங்குட்டான் தாடையும், அவ்ளோதான். பழசா தெரியறதுக்கு பழுப்புச் சாயம் ஏத்தி, பல்லை ராவி மனுஷப் பல்லு மாதிரி தட்டையாக்கி, தாடை மண்டையோட சேர்ற மூட்டையும் உடைச்சு விட்டிருந்தாங்க, அது முழுசா இருந்தா ரெண்டும் பொருந்தலன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பல்லுல ராவின கீறல் மைக்ரோஸ்கோப்ல நல்லாவே தெரியுது. அப்புறம் எப்படி 40 வருஷம் ஓடுச்சு? ஒரிஜினலை யாரும் கேட்டவுடனே தொட்டுப் பாக்க முடியாது, முக்கால்வாசி பேருக்கு கிடைச்சது பிளாஸ்டர் அச்சுதான். ஜெர்மனியில, பிரான்ஸ்ல எல்லாம் ஆதிமனுஷன் எலும்பு கிடைச்சாச்சு, நம்ம நாட்டுல மட்டும் இல்லையேன்னு இங்கிலாந்துக்காரங்களுக்கு ஏக்கம் வேற. முதல்ல மூளைதான் பெருசாச்சுன்னு அங்க பெரிய ஆளுங்க நம்பிட்டிருந்தாங்க, அந்த நம்பிக்கைக்கு இது அளவெடுத்து தைச்ச சட்டை.

"எல்லா விஞ்ஞானியும் ஏமாந்துட்டாங்க"ங்கறதும் சரியில்ல. இந்தத் தாடை குரங்கினத்தோடதுன்னு டேவிட் வாட்டர்ஸ்டன் 1913லயே எழுதிட்டார், கேக்கத்தான் ஆள் இல்ல. எனக்கு இதுல மனசு ஆறாத விஷயம் என்னன்னா, தென்னாப்பிரிக்காவுல டாங்ங்கற இடத்துல கிடைச்ச, 'டாங் குழந்தை'ன்னு சொல்ற ஆதிகாலக் குழந்தையோட மண்டை ஓட்டைப் பத்தி ரேமண்ட் டார்ட் 1925ல சொன்னப்போ, அதுல மூளை சின்னது, பல்லு மனுஷ ஜாடை, அதாவது பில்ட்டவுனுக்கு நேர் தலைகீழ், அதனாலயும் அந்த நிஜமான ஃபாசிலைப் பல வருஷம் ஒதுக்கி வச்சாங்க.

இதை வச்சு பரிணாமமே பொய்னு பேசறவங்க, 1953ல இந்தக் குட்டை உடைச்சது வைனர், லெ குரோஸ் கிளார்க், ஓக்லின்னு விஞ்ஞானிங்கதான்ங்கறதை சொல்றதே இல்ல. 1922ல வந்த நெப்ராஸ்கா மனிதனையும் இதோட சேக்காதீங்க, அது ஒரு பல்லைப் பாத்து தப்பா கணிச்சது, பன்றி மாதிரி ஒரு மிருகத்தோட பல்லுன்னு தெரிஞ்சதும் 1927ல வாபஸ் ஆயிடுச்சு, அதுல மோசடி எதுவும் இல்ல.

யாரு பண்ணாங்கன்னு துப்பறியும் கதை மாதிரி பத்து பேரை இழுக்கறதும் வேணாம். 2016ல வந்த ஆய்வுல, டாசன் ரெண்டு இடத்துல கிடைச்சதா சொன்ன ஒராங்குட்டான் பல்லுங்க ஒரே மிருகத்தோடதாத்தான் இருக்கணும்னு டிஎன்ஏ காட்டுச்சு, செஞ்ச விதமும் ஒரே கை மாதிரி இருந்தது. 1916ல டாசன் இறந்ததுக்கு அப்புறமும் உட்வர்ட் அந்தப் பக்கம் வருஷக்கணக்கா தோண்டினார், ஒரு துண்டு எலும்பு கூட கிடைக்கல.