செங்குத்தான மலையில் சறுக்கி இறங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

உலகின் இரண்டாவது உயரமான மலை, 8,611 மீட்டர் உயரமுள்ள கே2-வின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை முதன்முதலில் முழுவதும் பனிச்சறுக்கிலேயே இறங்கியவர் போலந்துக்காரர் ஆந்த்ஷேய் பார்கியெல். 2018 ஜூலை 22 அன்று, செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் அதைச் செய்தார். எல்லாரும் அந்த நாளைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய ஆண்டுதான் பெரிதாகப் படுகிறது. 2017-இல் அதே மலைக்குப் போய், நிலைமை சரியில்லை என்று கண்டு திரும்பிவிட்டார்.

கே2-வுக்குப் போக, பாகிஸ்தானின் அஸ்கோலே கிராமத்தைத் தாண்டினால் பால்தோரோ பனியாற்றின் மேல் ஒரு வாரம் போல நடக்க வேண்டும். அவ்வளவு தூரமும் செலவும் ஆன பிறகு, "வந்தது வந்தாச்சு, இறங்கிப் பார்த்துவிடலாம்" என்று மனசு சொல்லும். அதற்குக் காது கொடுப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, இறங்கும் சரிவைக் காலால் தொட்டுப் பார்க்காமல் விடுவது. தொலைநோக்கியில் எல்லாப் பனியும் வெள்ளையாகத்தான் தெரியும். ஏறும்போதுதான் எங்கே முழங்கால் வரை புதைகிறது, எங்கே க்ராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டம்) முனை கண்ணாடியில் பட்டதுபோல் வழுக்குகிறது என்று புரியும். மிதித்தால் பறை தட்டியதுபோல் 'டொம்' என்று கேட்டால், மேலே காற்று அடித்து இறுக்கிய பாளம், கீழே பிடிப்பில்லாத அடுக்கு. 30 முதல் 45 டிகிரி வரையான சரிவில் அந்தப் பாளம் மொத்தமாகக் கழன்று பனிச்சரிவாக வரும். 50 டிகிரி இறுகிய பனியில் விழுந்தால், பனிக்கோடரியை ஊன்றித் தடுக்க முதல் ஓரிரு நொடிதான் கிடைக்கும்.

சறுக்குப் பலகையை மாட்டும் நேரத்தில் ஒரு சின்ன அலட்சியம் ஆளையே கொல்லும். பூட்ஸின் முனையில் இரு பக்கமும் சிறு குழிகள் இருக்கும். பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கின் ஊசிகள் அதில்தான் உட்காரும். ஏறி வந்ததில் அந்தக் குழிகளில் பனி அடைத்து உறைந்திருக்கும். அப்படியே மிதித்தாலும் 'க்ளிக்' சத்தம் கேட்கும், மாட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும். முதல் திருப்பத்தில் பலகை கழன்று போய்விடும். உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், மூளை மந்தமாகிவிடும். அதனால் குழியைச் சுரண்டுவது, மாட்டுவது, காலை ஆட்டிப் பார்ப்பது, இதெல்லாம் யோசிக்காமல் கை தானாகச் செய்யும்வரை வீட்டிலேயே பழக வேண்டும்.

அப்புறம், மேகம் மூடியபோதும் இறங்கிக்கொண்டே இருப்பது. பார்கியெல் நான்காம் முகாமருகே மேகம் விலகும்வரை காத்திருந்தார். அதற்குக் கீழே பாறை விளிம்புகளுக்கு மேலாகக் குறுக்கே போக வேண்டியிருந்தது. வழி தெரியாமல் போக முடியாது. ஆனால் உச்சிக்குக் கீழே உள்ள பாட்டில்நெக் என்ற குறுகிய பனிச்சந்தில் தலைக்கு மேல் தொங்கும் பனிப்பாறைக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக்கூடாது. அது விடியற்காலை, மதியம் என்று பார்த்து இடிந்து விழுவதில்லை.

உதவிக்கு ஹெலிகாப்டர் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அதே 2018 ஜூலையில் பக்கத்து மலையான பிராட் பீக்கில் காணாமல் போன மலையேறி ரிக் ஆலனை, பார்கியெலின் சகோதரர் பறக்கவிட்ட ட்ரோன் கண்டுபிடித்தது. அப்போதும் அவரிடம் போய்ச் சேர ஆட்கள் மலையில் ஏறித்தான் போனார்கள்.