ஸ்காக்வே ரயில்ல எந்தப் பக்கம் உக்காரணும்?

அலாஸ்கா க்ரூஸ் போறவங்க ஸ்காக்வேல இறங்கினா வைட் பாஸ் ரயில விட்றாதீங்க. கனடாவோட க்ளாண்டைக் பகுதில தங்க வேட்டை நடந்தப்போ 1898ல போட ஆரம்பிச்ச குட்டி ரயில் பாதை, 20 மைல்ல கிட்டத்தட்ட 3000 அடி ஏறுது, உச்சி வரைக்கும் போய் திரும்ப கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆகும்.

ஏறும்போது இடது பக்க சீட்டு பிடிங்க, பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பக்கம்தான், வலது பக்கம் பெரும்பாலும் பாறைதான் தெரியும். அப்போ திரும்பும்போதுன்னு கேப்பீங்க, உச்சில எஞ்சினை மறுமுனைல மாட்டிட்டு சீட்டு முதுகை அப்படியே தள்ளித் திருப்பி போட்டு எதிர்ப் பக்கம் மாறி உக்கார சொல்வாங்க, அதனால சண்டை வேண்டாம்.

போட்டோ எடுக்கணும்னா ரெண்டு பெட்டிக்கு நடுவுல இருக்கற திறந்த மேடைல போய் நில்லுங்க, கண்ணாடில நம்ம மூஞ்சி தெரியாது, ஆனா ஜூலைலயும் காத்து காதை அறுக்கும், குல்லா முக்கியம். செத்த குதிரை பள்ளம்னு ஒரு இடம் வரும், சுமை தூக்கியே 3000 குதிரைங்க செத்த பாதை, கீழ பாத்தா ஒரு மாதிரி ஆயிடும்.

உச்சி வரைக்கும் மட்டும் போற ட்ரிப்ல யாரும் இறங்க மாட்டாங்க. ஃப்ரேசர், கார்கிராஸ் வரை போற டிக்கெட்னா அது கனடா, நம்ம இந்திய பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா கட்டாயம், புக் பண்றதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க.

மிச்ச நேரம் இருந்தா பிராட்வே தெருல ஆர்க்டிக் பிரதர்ஹுட் ஹால் பாருங்க, முகப்பு பூரா கடல்ல ஒதுங்கின குச்சிங்க, 8800க்கு மேல.