உணவகத் திட்டம் வந்தால் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

உங்கள் தெருமுனையில் காலியாகக் கிடந்த மனையில் ஒருநாள் அறிவிப்புப் பலகை ஒன்று நிற்கும். உணவகம் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது, கருத்து இருந்தால் இந்தத் தேதிக்குள் தெரிவிக்கவும் என்று எழுதியிருக்கும். முதல் வேலையாக அதைச் செல்பேசியில் படம் எடுங்கள். விண்ணப்ப எண், கடைசித் தேதி, கூட்டம் நடக்கும் நாள் மூன்றும் தெளிவாக விழ வேண்டும். கடைசித் தேதி தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயமான பேச்சும் கோப்பில் ஏறாமல் போகலாம். அடுத்த நாளே உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய் அந்த எண்ணைச் சொல்லி முழுக் கோப்பையும் கேளுங்கள். கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் வண்ணப் படத்தை மட்டும் தந்தால் அதோடு திரும்பி வராதீர்கள். எல்லாத் தாள்களும் வேண்டும்.

நான் 18 ஆண்டுகள் கட்டட வரைபடம் போட்டவள். அப்புறம் 6 ஆண்டுகள், புதிதாக வரும் கட்டடங்களின் வரைபடங்களை ஆராயும் ஒரு வடிவமைப்பு ஆய்வுக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். வரைபடம் போட்ட காலத்தில் செய்த ஓர் உணவகத் திட்டம் இன்னும் மனதை உறுத்துகிறது. சமையலறைப் புகைக்குழாயை, கூரையைக் காட்டும் வரைபடத் தாளில் ஒரு சின்ன வட்டமாகக் குறித்திருந்தேன். குழு ஒரு மணி நேரம் முகப்பைப் பற்றியே பேசியது. செங்கல்லின் நிறம், பெயர்ப்பலகையின் எழுத்து, வாசலுக்கு மேலே வரும் பந்தல். வட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உணவகம் திறந்து இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேரே, 4 மீட்டர் தள்ளி, அந்தக் குழாயின் வாய். ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. "உங்க படத்துல இந்த ஜன்னல் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். இல்லை. பக்கத்து மனையை வெறும் எல்லைக்கோடாகத்தான் காட்டியிருந்தேன். அந்தக் கேள்வி இன்னொருவர் வீட்டில் எழக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குழுவின் கையில் என்ன இருக்கிறது

கோப்பைப் படிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்த மனையில் என்ன வரலாம் என்பது நில வகைப்பாட்டின் கேள்வி. வருவது எப்படி இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பு ஆய்வின் கேள்வி. நியூயார்க்கில் 1915-இல் கட்டி முடித்த ஈக்விட்டபிள் என்ற உயரமான கட்டடம் தெருவில் போட்ட நிழலைப் பார்த்த கவலையும் சேர்ந்துதான், எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகள் அடுத்த ஆண்டு அந்நகரம் முழுமைக்கும் வந்தன. கட்டடத்தின் தோற்றத்தை ஆராய ஒரு குழு என்ற ஏற்பாட்டை அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-இல் தன் பழைய பகுதிக்காகக் கொண்டுவந்தது. பல ஊர்களில் இந்த இரண்டையும் இன்றும் வெவ்வேறு குழுக்களே பார்க்கின்றன. ஒரு குழுவிடம் போய் மற்றக் குழுவின் கேள்வியைக் கேட்டு, கூட்டத்தில் பேசக் கிடைத்த மூன்று நிமிடத்தை வீணாக்கிய எத்தனையோ பேரை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

ஆகவே விண்ணப்பத்தின் முதல் தாளில், இது எந்த வகை அனுமதி என்று பாருங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஆனால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த மண்டலத்தில் உணவகம் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பயன்பாடு என்றால், "உணவகமே வேண்டாம்" என்று வாதாடிப் பயனில்லை. அது எப்படி அமைய வேண்டும் என்று மட்டும் பேசுங்கள். சிறப்பு அனுமதி கேட்டிருந்தால் வாசல் கொஞ்சம் அகலம். அக்கம்பக்கத்துக்குப் பொருந்துமா என்பதையே குழு எடைபோட வேண்டும், நிபந்தனைகளும் போடலாம். மூன்றாவது, விதிவிலக்கு. பக்கத்தில் 3 மீட்டர் விட வேண்டிய இடத்தில் ஒன்றரை மீட்டர்தான் விடுவேன், இத்தனை வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்றால் அதில் பாதிதான் தருவேன் என்பது போன்ற வேண்டுகோள். இதில் நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாக விண்ணப்பதாரருடையது. அந்த மனையின் வடிவமோ சரிவோ உண்மையிலேயே தடையாக இருக்கிறதா, இல்லை கூடுதலாக நான்கு மேசை போடத்தான் இந்தச் சலுகையா என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டை நீங்களே வரையுங்கள்

கோப்பில் முதலில் எடுக்க வேண்டியது மனைப்படம். வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அளவைச் சரிபாருங்கள். 1:100 என்றால் தாளில் 1 சென்டிமீட்டர், நிலத்தில் 1 மீட்டர். ஆனால் பெரிய தாளில் போட்ட படத்தைச் சின்னத் தாளில் அச்சிட்டுத் தந்திருந்தால் அந்தக் கணக்கு தப்பாகிவிடும். தாளின் ஓரத்தில் ஒரு அளவுப் பட்டை இருக்கும், அதை வைத்தே அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு பென்சில் எடுத்து எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் உங்கள் வீட்டை வரையுங்கள். சுவர், ஜன்னல்கள், துணி காயப்போடும் இடம், குழந்தைகள் தூங்கும் அறை. தூரத்தை நாடா வைத்து அளந்தால் நல்லது, காலடி வைத்து அளந்தாலும் பரவாயில்லை. நான் அன்று செய்யத் தவறியது இதைத்தான். இந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளும் தானாகவே வரும்.

பின்பக்கம்

உணவகத்தின் முகப்பை வாடிக்கையாளர் பார்ப்பார். பின்பக்கத்தோடு குடியிருப்பது நீங்கள். அதனால் கூரைத் தாளையும் பின்பக்கத் தாளையும் முதலில் விரித்துக்கொள்ளுங்கள்.

புகைக்குழாயின் வாய் எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறது, உங்கள் மேல்மாடி ஜன்னலைவிட உயரமா தாழ்வா என்று பாருங்கள். பக்கவாட்டில் ஊதும் குழாயைவிட நேராக மேலே ஊதும் குழாய் நல்லது. அதன் தலையில் கூம்பு மூடி போட்டிருந்தால் கவனியுங்கள். மழை உள்ளே போகாமல் தடுக்கும் அதே மூடி, மேலே போக வேண்டிய புகையைக் கீழே திருப்பிவிடும். மூடி இல்லாமலே மழைநீரை வடிக்கும் குழாய் அமைப்புகள் இருக்கின்றன, அதைக் கேட்கலாம். வடிகட்டி இருக்கிறது என்று சொன்னால், எதை வடிகட்டுவது என்று கேளுங்கள். மின்னூட்டத்தால் எண்ணெய்த் துகளைப் பிடிக்கும் கருவி புகையைக் குறைக்கும், வாசனை தப்பிவிடும். வாசனைக்கு கரி வடிகட்டி போன்ற தனி ஏற்பாடு வேண்டும், அதையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது சத்தம். கூரையில் குளிரூட்டும் இயந்திரங்களும் காற்றாடிகளும் இருக்கும். இயந்திரத் தாளில் 70 டெசிபல் என்று போட்டிருந்தால், அது எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று பார்க்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 70 என்றால் 2 மீட்டரில் 64, 4 மீட்டரில் 58, 8 மீட்டரில் 52. அதே இயந்திரம் இரண்டு ஓடினால் 3 கூடும். எதிரே ஒரு சுவர் இருந்து சத்தம் மோதித் திரும்பினால் இன்னும் கூடும். இந்தக் கணக்கைத் தாளின் ஓரத்திலேயே போட்டுப் பாருங்கள். இயந்திரத்தைக் கூரையின் மறுபக்கத்துக்கு நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீர்வது தெரியும். வெளியே மேசை போட்டு இசையும் வைப்பதாக இருந்தால் தாழ்ந்த தாள ஒலியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அது சுவரையும் மூடிய ஜன்னலையும் தாண்டி வரும்.

குப்பைத் தொட்டிகளின் இடம் உங்கள் எல்லைச் சுவரை ஒட்டியிருந்தால், ஏன் அங்கே என்று கேட்கத் தயங்காதீர்கள். மூடிய அறையா, கழுவும் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதா அல்லது மழைநீர்க் கால்வாய்க்கா, கண்ணாடி பாட்டில்களை எத்தனை மணிக்குக் கொட்டுவார்கள்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். நள்ளிரவில் ஒரு கூடை பாட்டில் விழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றாது. சமையலறைக் கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி எங்கே புதைகிறது என்றும் பாருங்கள். அதை உறிஞ்சி எடுக்க லாரி வர வேண்டும். தொட்டியின் மூடி உங்கள் சமையலறைக்கு நேரே இருந்தால் அந்த நாற்றமும் அங்கேதான்.

சரக்கு வண்டிக்கு, அது திரும்பும் பாதையை வரைந்த தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். எவ்வளவு நீள வண்டிக்குப் போட்டது என்பதும் முக்கியம். உள்ளே திரும்ப முடியாத வண்டி தெருவில்தான் பின்னோக்கி வரும், விடியற்காலையில் அந்த எச்சரிக்கை ஒலியோடு. காரில் இருந்தபடியே வாங்கிப் போகும் ஜன்னல் இருந்தால் வரிசையை அளந்துவிடுங்கள். வரிசையில் ஒரு காருக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேண்டும். பாதை 48 மீட்டர் என்றால் 8 கார். ஒன்பதாவது கார் எங்கே நிற்கும் என்று கூட்டத்தில் கேளுங்கள். நான் குழுவில் இருந்த காலத்தில், இந்த ஒரு கேள்வியால் முழுத் தாளும் மறுபடி வரையப்பட்டதை இரண்டு முறை பார்த்தேன்.

விளக்குகளுக்கு, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி முழுதாக மறைத்தவையாகவும், 3000 கெல்வினுக்கு (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மேல் போகாத மஞ்சள் வெளிச்சமாகவும் கேளுங்கள். மூடிய பிறகு எவை எரியும், எவை அணையும் என்பதும் தெரிய வேண்டும்.

முகப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதை எப்படியும் எல்லோரும் பேசுவார்கள். நடைபாதையை ஒட்டி ஜன்னலில்லாத நீண்ட வெற்றுச் சுவர் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாசலுக்குப் படி இருந்தால் சாய்தளம் எங்கே என்று கேளுங்கள். 1:12 சரிவு என்றால் 50 சென்டிமீட்டர் ஏற 6 மீட்டர் நீளம் வேண்டும், பல தாள்களில் அதற்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். வண்ணப் படத்தில் உள்ள மரங்கள் இருபது வயது மரங்கள். நடப்போவது எவ்வளவு உயரக் கன்று என்பது செடித் தாளில் இருக்கும்.

வருத்தத்தை நிபந்தனையாக மாற்றுங்கள்

"சத்தம் தாங்க முடியாது" என்று எழுதினால் குழு அனுதாபப்படும், ஆனால் அனுமதிக் கடிதத்தில் எழுத அதனிடம் ஒன்றும் இருக்காது. "இரவு 10 மணிக்கு மேல் வெளி மேசைகளில் இசை கூடாது, கூரை இயந்திரங்களை மேற்குப் பக்கம் நகர்த்தி, அவற்றின் உயரத்துக்குக் குறையாத தடுப்பு வைக்க வேண்டும்" என்று எழுதினால், அந்த வரியை அப்படியே எடுத்து வைக்கலாம். வடிவமைப்பு வழிகாட்டியில் பொருந்தும் விதியின் எண் தெரிந்தால் அதையும் சேருங்கள். ஒரே வாசகத்தில் 200 கையெழுத்து வாங்குவதைவிட, ஐந்து பேர் அவரவர் ஜன்னலிலிருந்து தெரிவதை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவது பலமானது.

சிலவற்றை எழுதவே கூடாது. பக்கத்தில் இருக்கும் வேறு உணவகத்தின் வியாபாரம் கெடும் என்பது குழு பார்க்கும் விஷயமல்ல. உரிமையாளர் யார், எந்த மாதிரி ஆட்கள் வந்து உட்காருவார்கள் என்று பேசுவது அநியாயம். அப்படிப்பட்ட ஒரு கடிதம் கோப்பில் இருந்தால் அதே தெருவின் நல்ல கடிதங்களும் அதோடு சேர்த்துப் பார்க்கப்படும். உங்கள் அண்டை வீட்டார் அப்படி எழுதியிருந்தால், திருத்தச் சொல்லிப் பேசிப்பாருங்கள்.

கூட்டத்துக்கு முன்பே விண்ணப்பதாரரின் வரைவாளரைச் சந்திக்க முடிந்தால் தவறவிடாதீர்கள். நீங்கள் பென்சிலால் வரைந்த தாளை அவர் முன் வையுங்கள். குழாயை 10 மீட்டர் நகர்த்துவது அந்தக் கட்டத்தில் ஒரு பிற்பகல் வேலை. அன்று அந்தப் பெரியம்மா எனக்குத் தன் ஜன்னலைக் காட்டியிருந்தால் நகர்த்தியிருப்பேன். வரைபவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான்.

கூட்டத்தில் பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப்பாருங்கள். எங்கே வசிக்கிறீர்கள், உங்கள் ஜன்னலிலிருந்து எது எத்தனை மீட்டரில் இருக்கிறது, என்ன நிபந்தனை வேண்டும் என்று சொன்னால் போதும். தாளைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போங்கள். விண்ணப்பதாரர் எழுந்து "செய்துவிடுகிறோம்" என்று வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டால் உட்காராதீர்கள். அதை நிபந்தனையாகப் பதிவு செய்யுங்கள் என்று தலைவரிடம் அந்த இடத்திலேயே கேளுங்கள்.

அனுமதி வந்த பிறகு கடிதத்தையும் முத்திரையிட்ட தாள்களையும் நகல் வாங்கி வையுங்கள். கட்டும்போது "சிறு மாற்றம்" என்ற பெயரில் திருத்தத் தாள்கள் போகும், அவற்றுக்குக் கூட்டம் நடக்காமலும் இருக்கலாம். மாதம் ஒருமுறை அலுவலகத்தில் அதே விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் புதிதாக ஏதாவது சேர்ந்ததா என்று கேளுங்கள். திறப்பதற்கு முன் இறுதி ஆய்வு நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, அதற்கு முந்தைய நாள் தாளோடு எல்லைச் சுவரருகே நின்று குழாய், தடுப்பு, குப்பை அறை, விளக்கு நான்கையும் ஒப்பிடுங்கள். ஏதாவது இடம் மாறியிருந்தால், படம் எடுத்து நிபந்தனையின் எண்ணைக் குறிப்பிட்டு அன்றைக்கே ஆய்வாளருக்கு எழுதிவிடுங்கள்.