ஸிப்பா, 7-ஸிப்பா: எதில் கோப்பு கூடச் சுருங்கும்?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு அனுப்பும் கோப்பு ஜிமெயிலின் 25 எம்பி எல்லையில் இடிக்கிறதா? முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிலாவெளியில் எடுத்த ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும் ஸிப், 7-ஸிப் என எந்தச் சுருக்கும் முறையில் போட்டாலும் அநேகமாகச் சுருங்காது. அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. வேர்ட் டாக்எக்ஸ் கோப்புகூட உள்ளுக்குள் ஸிப்தான்.

வித்தியாசம் தெரிவது சிஎஸ்வி, வெறும் எழுத்துக் கோப்பு, டேட்டாபேஸ் பேக்கப் போன்றவற்றில். சாதாரண ஸிப் 32 கேபி தூரம் மட்டுமே பின்னோக்கி ஒத்த பகுதிகளைத் தேடும். ஒவ்வொரு கோப்பையும் தனியாகவே சுருக்கும். 7-ஸிப் மென்பொருளின் எல்இசட்எம்ஏ2 என்ற சுருக்கும் முறை பல எம்பி வரை தேடும், கோப்புகளை ஒன்றாய்ச் சேர்த்தும் சுருக்கும். ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் இதுதான் நல்லது. வின்ரார் என்ற இன்னொரு சுருக்கும் மென்பொருளிலும் இப்படிச் சேர்த்துச் சுருக்க ‘சாலிட்’ தெரிவு உண்டு.

7-ஸிப்பில் செய்வது இப்படி: கோப்புறையில் ரைட் கிளிக், ‘ஆட் டு ஆர்க்கைவ்’, ஃபார்மட் 7இசட் (7-ஸிப்பின் சொந்தக் கோப்பு வடிவம்), லெவல் அல்ட்ரா. ரேம் குறைந்த கணினி திணறினால் டிக்‌ஷனரி அளவை (பின்னோக்கித் தேடும் தூரம்) 16 எம்பிக்கு இறக்குங்கள்.

ஒப்பிடும்போது ஒரே கோப்புறையையே எல்லாவற்றிலும் போடுங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ அல்ல, ‘சைஸ்’தான் சரியான கணக்கு. விண்டோஸ் 10 தானாக 7இசட்டைத் திறக்காது. கோப்பைப் பெறுபவரிடம் 7-ஸிப் இல்லாவிட்டால் ஸிப்பாகவே அனுப்புங்கள்.